வலது ஓரத்தில் ஒருத்தி

ஊர் வரலாற்றுக் கழகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஸ்கேல் டீச்சர், அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளியில் ட்ராயிங் சொல்லிக்கொடுத்தவள். சுவரில் ஒரு காலண்டர் கோணலாகத் தொங்கினால் போதும், அது யார் வீட்டுச் சுவராக இருந்தாலும் எழுந்துபோய் நேராக்கிவிட்டுத்தான் நாற்காலிக்குத் திரும்புவாள். கல்யாணம் பேச வந்தவர்கள் வீட்டில்கூட அப்படி ஒரு படத்தை நேராக்கினாள் என்று அவள் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அது அவர் வீடுதான் என்பதால் அவளும் மறுத்ததில்லை.

கழகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நூலகத்து மாடியில் இரண்டு அறை, ஆறு இரும்பு அலமாரி, மழை பெய்தால் வடக்கு மூலையில் ஒரு வாளி. தலைவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் எதைத் தொட்டாலும் அதற்குக் 'கூட்டு முயற்சி' என்று பெயர் வைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. நூலகத்தோடு கூட்டு முயற்சி, அறை கிடைத்தது. பள்ளிக்கூடத்தோடு கூட்டு முயற்சி, பழைய மேசைகள் கிடைத்தன. இருபது வருஷத்துக்கு முன் கண்ணாடிக் கடைக்காரரோடு ஒரு கூட்டு முயற்சி செய்ததில் பன்னிரண்டு படச்சட்டங்கள் வந்தன. பன்னிரண்டும் ஒரே அளவு. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

படங்கள் ஒரே அளவா இருக்கும்? ஒன்று அகலம், ஒன்று உயரம், ஒன்று மூலை மடங்கியது. சட்டம் ஒரே அளவு, படம் பல அளவு. வேறு யாராவது என்றால் கண்ணாடிக் கடைக்குத் திரும்பிப் போயிருப்பார்கள். டீச்சர் இரும்பு ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து, அடங்காத ஓரங்களைக் கத்தரித்து, கெட்டி அட்டையில் வெள்ளைப் பசை தடவி ஒட்டி, பன்னிரண்டையும் ஒரே நேர்கோட்டில் மாட்டிவிட்டுத்தான் ஓய்ந்தாள். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். "நேர்த்தின்னா இதான்யா நேர்த்தி!" என்று மருந்துக்கடைக்காரர் மேடையிலேயே சொன்னார். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

இப்போது புதிய கூட்டு முயற்சி ஒன்று வந்திருந்தது. ஊரின் பழைய சலவைக்கூடம் இடிக்கப்படாமல் தப்பி ஆஸ்பத்திரியாக மாறிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடம் தப்பியதே கழகம் நாலு வருஷம் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியதால்தான். நன்றிக்கடனாக ஆஸ்பத்திரிக்காரர்கள் முன்கூடத்துச் சுவர் முழுவதையும் கழகத்தின் படங்களுக்கு ஒதுக்கினார்கள். ஒரே ஒரு நிபந்தனைதான். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று எழுதித் தர வேண்டும்.

அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை 'முகம் சொல்லும் நாள்' வைத்தார்கள். படத்தின் மேல் ஒளி ஊடுருவும் தாளை விரித்து, ஒவ்வொரு தலையையும் வெறும் வட்டமாக வரைந்து, வட்டத்துக்குள் ஓர் எண் போட்டிருந்தாள் டீச்சர். வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "ஏழு எங்க சித்தி", "பதினொன்னு எங்க மாமனார், மீசைய பாருங்க" என்று சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொள்வாள். காலையிலிருந்து ஒரே கூட்டம். பதிமூன்றாம் எண் யாருடைய தாத்தா என்பதில் இரண்டு குடும்பங்கள் மல்லுக்கு நின்றன. கடைசியில் பதிமூன்று யாருடைய தாத்தாவும் இல்லை, படம் பிடிக்க வந்தவரின் உதவியாள் என்று தெரிந்து இரண்டு பக்கமும் அசடு வழிந்தார்கள்.

சாப்பாட்டு நேரம் தாண்டியபோது ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், இஸ்திரி போட்ட சட்டை. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று தானே சொல்லிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து வந்தாராம்.

"சலவைக்கூடத்துப் படம் இருக்குன்னு போட்டிருந்தீங்களே, அது எங்கேங்க?"

ஒன்பதாம் படம். டீச்சர் கையைக் காட்டினாள். அவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, மறுபடி குனிந்தார். மூன்று வரிசையாகப் பெண்கள், எல்லோர் இடுப்பிலும் ஒரே மாதிரி ஏப்ரன், பின்னால் நீராவிக் குழாய்கள். அவர் நடு வரிசையின் வலது கோடிக்குப் போனார். அங்கேயே நின்றார். பிறகு விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"இருபத்திரண்டுதான் இருக்கு."

"ஆமா, இருபத்திரண்டு பேர்" என்றாள் டீச்சர்.

"இருபத்திமூணு இருக்கணுமே. நடு வரிசை, வலது பக்கம் கடைசி ஆள் எங்கம்மா. எங்கக்கா சொல்லியிருக்கா. எனக்கு ஒண்ணே முக்கால் வயசு ஆகுறப்போ அம்மா போயிட்டாங்க. வேற போட்டோ கிடையாது. இது ஒண்ணுதான். ஆபீஸ் ரூம் சுவத்துல மாட்டியிருந்தாங்களாம், பிள்ளைங்கள உள்ள விட மாட்டாங்க. பெரியவனானதும் பாத்துக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள கூடத்தையே மூடிட்டாங்க. படம் எங்க போச்சுன்னே தெரியல." அவர் சிரிக்க முயன்றார். "அம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது பாருங்க."

டீச்சர் படத்தைப் பார்த்தாள். வலது கோடியில் நின்ற பெண்ணின் தோளுக்குப் பக்கத்தில், படம் முடிகிற இடத்தில், ஒரு முழங்கையின் துண்டு தெரிந்தது. யாருக்கும் சொந்தமில்லாத முழங்கை. இருபது வருஷமாகச் சுவரில் தொங்கிய படம், ஒரு நாளாவது இது கண்ணில் பட்டதா? இப்போது பட்டது. அந்த ஓரத்தை வெட்டியது அவள் பிளேடுதான்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மருந்துக்கடைக்காரர் வந்துவிட்டார். கூடவே ஆஸ்பத்திரியிலிருந்து வந்த டாக்டரம்மா. தலைவர் விஷயத்தைக் கேட்டார், தலையை ஆட்டினார்.

"வேற படமா இருக்குங்க. அந்தக் காலத்துல வருஷத்துக்கு ஒண்ணு எடுத்திருப்பாங்க. என்ன டீச்சர்?"

டாக்டரம்மா பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தலையசைத்தாள். ஆமாம் என்று ஒரு தலையசைப்பு. பாவி, அந்தத் தலையை அப்படியே வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

டிரைவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். "வேற படம் கிடையாதுங்க. ஒரே ஒரு தடவைதான் எடுத்தாங்களாம். அப்ப எங்கக்கா கதை விட்டிருக்கா." குரலில் கோபமில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "நான் அழுதப்பல்லாம் சொல்லுவா. 'அழாதடா, அம்மா படத்துல இருக்கா, சுவத்துல பத்திரமா இருக்கா'ன்னு. என்னைத் தூங்க வைக்க ஒரு கதை. அறுபது வருஷமா அதையே மெயின்டெய்ன் பண்ணிட்டா, பாருங்களேன்." பதிவேட்டில் முகவரி எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, படி இறங்கிப் போனார்.

கூட்டம் கலைந்ததும் டீச்சர் அலமாரியைத் திறந்து தன்னுடைய பழைய வேலைக் குறிப்பு நோட்டை எடுத்தாள். எதையும் எழுதி வைக்கிற ஆள் அவள், அதுவும் ஒரு நேர்த்திதானே. சட்டம் போட்ட அந்த வாரத்துப் பக்கம். அவளுடைய குண்டு எழுத்து. 'படம் 9. வலது ஓரம் இரண்டு விரல் அகலம் நீக்கப்பட்டது. கடைசியில் நிற்பவர் திரும்பி நிற்கிறார், முகம் மங்கலாகப் பதிந்திருக்கிறது. நீக்கியபின் வரிசை நேராகிவிட்டது. நன்றாக இருக்கிறது.'

நன்றாக இருக்கிறதாம்! தன் எழுத்தைத் தானே பார்த்து அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கேமராவைப் பார்க்காமல் திரும்பி நின்ற ஒருத்தி. படத்தைக் கெடுத்த ஒருத்தி. வகுப்பில் கோட்டுக்கு வெளியே வண்ணம் தீட்டுகிற பிள்ளையை எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் அன்றைக்கு அவளைப் பார்த்திருப்பாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் மருந்துக்கடைக்காரரை மாடிக்கு வரவழைத்தாள். இருவரும் ஆறு அலமாரியையும் கொட்டிக் கவிழ்த்தார்கள். வெட்டிய துண்டு இல்லை. எங்கே இருக்கும்? அப்போதே பெருக்கிக் குப்பையில் போட்டிருப்பாள். அவள் மேசையில் குப்பை தங்கினதாகச் சரித்திரமே இல்லையே. படம் எடுத்த ஸ்டுடியோ எப்போதோ மூடிவிட்டது, நெகட்டிவ்கள் தண்ணீர் புகுந்து நாசமானது கழகத்தின் குறிப்பிலேயே இருந்தது.

"விடுங்க டீச்சர்" என்றார் மருந்துக்கடைக்காரர், தும்மிக்கொண்டே. "தெரிஞ்சா செஞ்சீங்க? அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான் வெட்டினாங்க. இப்பப் போய் சொல்லி என்ன ஆகப்போகுது? துண்டு வரப்போகுதா? அடுத்த வாரம் ஆஸ்பத்திரி ஒப்பந்தம். 'பாதுகாக்கத் தெரியாதவங்க கையிலயா படத்தக் குடுத்தோம்'னு நாலு வீட்டுல திருப்பிக் கேட்டா நம்ம கதி? கொஞ்சம் பூசி மெழுகிட்டுப் போவோம்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. படங்களைக் கொடுத்தவர்கள் கழகத்தை நம்பிக் கொடுத்தவர்கள். வீட்டில் ஒரே ஒரு படம் வைத்திருந்தவர்கள்கூட அதைக் கொண்டுவந்து இந்த அலமாரிக்குள் வைத்தார்கள்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரர் நீதிமன்றத்தில் டைப்பிஸ்டாக இருந்தவர். மற்றவர்கள் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் அடித்து அடித்தே தலை நரைத்த மனிதர். முழுவதையும் கேட்டுவிட்டு, "படம் போனது போச்சு. அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா அந்த அக்காவ நீ பொய் சாட்சி ஆக்கிட்டியே. அத மாத்தலாம்ல?" என்றார்.

"தெரியும். அதனாலதான் சோறு இறங்கல."

"அப்ப தட்டக் கழுவிட்டுக் கிளம்பு. நான் வேணா கூட வரட்டுமா?"

"வேணாம். வெட்டினது நான் ஒருத்திதான்."

முகவரி பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில், தரைத்தளம். கதவைத் திறந்தவள் அந்த அக்காதான். எழுபது வயதுக்கு மேல், மெலிந்த உடம்பு, தடித்த விரல்கள். அம்மா போன நாலு வருஷத்தில், தம்பியை வளர்க்க, பதினாலு வயதில் அதே சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள் என்று பின்னால் பேச்சுவாக்கில் தெரிந்தது. வரலாற்றுக் கழகம் என்றதுமே அவள் முகம் இறுகியது.

"அவன் உள்ள இருக்கான். என்கூடப் பேசி ஒரு நாளாச்சு. நேத்து அங்கேருந்து வந்து ஒரு வார்த்தை கேட்டான். 'ஏன்க்கா பொய் சொன்னே'ன்னு. அவ்ளோதான். அப்புறம் வாயே திறக்கல. நான் வெச்ச சோத்தத் தின்னுட்டு, தட்டக் கழுவி வெச்சிட்டுப் போறான், மரியாதையா. சண்டை போட்டாலாவது பரவாயில்ல."

டீச்சர் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்த பேச்சு எல்லாம் எங்கோ போய்விட்டது. "நீங்க பொய் சொல்லல" என்றாள். "படத்துல உங்கம்மா இருந்தாங்க. நான்தான் வெட்டிட்டேன்."

உள்ளேயிருந்து டிரைவர் வந்து வாசற்படியில் நின்றார். டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் கொடுத்தாள். சட்டம், ஸ்கேல், பிளேடு எல்லாவற்றையும் சொன்னாள். நேற்று தலையசைத்ததையும் சொன்னாள். துண்டைத் தேடியதையும் கிடைக்காததையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது வெட்கத்தில் காது மடல் எரிந்தது. மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்ல வாய் வந்தது, ஆனால் அதைக் கேட்பதே ஒரு பேராசை மாதிரி பட்டது.

டிரைவர் நோட்டைச் சத்தமாக வாசித்தார். "கடைசியில் நிற்பவர் திரும்பி நிற்கிறார்..."

"திரும்பித்தான் நின்னா" என்றாள் அக்கா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"மத்தியானம் உன்னைப் பாலுக்குத் தூக்கிட்டுப் போவேன்ல, தெனமும்? எனக்கு அப்ப ஒம்பது வயசு. அன்னிக்கு போட்டோன்னு எல்லாரையும் நிறுத்தி வெச்சிட்டாங்க. நான் உன்னை இடுப்புல வெச்சிக்கிட்டு கேமராக்காரருக்கு இந்தாண்ட நின்னேன். நீ பசியில வீல்னு கத்துற. அம்மா உன்னையே பாத்துட்டு நின்னா. கேமராக்காரர் கத்துறாரு, 'ஏம்மா கடைசி, நேரா பாரு, நேரா பாரு'ன்னு. எங்கே பாத்தா? அவ உன்னைத்தான் பாத்தா. மேஸ்திரி திட்டினதும் நேரா பாத்தா, கேமராக்காரர் விரலத் தூக்கினாரு, நீ மறுபடி கத்தின, அவ மறுபடி திரும்பிட்டா. அப்படியே எடுத்துட்டாங்க." அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அதுக்குத்தான் வெட்டினியா நீ?"

"அதுக்குத்தான்" என்றாள் டீச்சர். அதற்குமேல் அவளால் முடியவில்லை, உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் தேறுதல் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. டீச்சர் தானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு வரையத் தெரியும். நீங்க முகத்தச் சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றாள் அக்கா, வெடுக்கென்று. "நீ வரைஞ்சா அது நீ வரைஞ்ச மூஞ்சி. இவன் அதையே அம்மான்னு வெச்சிக்குவான். அவ அங்கே இருந்தான்னு மட்டும் எழுதிப் போடு. அது போதும்."

திங்கட்கிழமை டீச்சர் பன்னிரண்டு சட்டங்களையும் இறக்கி, நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஏழு படங்களில் ஓரம் வெட்டியிருந்தாள். மற்ற ஆறில் போனது மரமும் சுவரும் ஒரு நாயும். ஒன்பதாம் படத்தில் மட்டும் ஆள். கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் ஏழு படத்துக்கும் அகலமான சட்டம் வேண்டும் என்று கேட்டாள். வெட்டின அளவுக்கு வெள்ளை அட்டையை வெறுமையாக விட்டு, படத்தை அதனதன் இடத்தில் வைத்தாள். சுவரில் மாட்டிப் பார்த்தால் ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒரு வரிசையும் சேரவில்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் என்றால் அவளுக்குக் காய்ச்சலே வந்திருக்கும்.

மருந்துக்கடைக்காரர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் டாக்டரம்மாவிடம் அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "கேட்டுட்டு, 'எங்க வேலையிலயும் தப்பு நடந்தா எழுதித்தான் வைக்கணும்'னு சொன்னாங்க. நான்தான் தேவையில்லாம பயந்துட்டேன்" என்று முனகிவிட்டு, எழுத்துப் பிழை பார்க்க ஒன்பதாம் படத்தின் குறிப்பை வாங்கிப் படித்தார். பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

திறப்பு நாளன்று ஆஸ்பத்திரி முன்கூடத்தில் நல்ல கூட்டம். ஒன்பதாம் படத்துக்குக் கீழே டீச்சர் தன் கையால் எழுதி மாட்டியிருந்தாள்: 'நடு வரிசையில் வலது ஓரத்தில் இருபத்து மூன்றாவதாக ஒரு பெண் நின்றார். பசியில் அழுத தன் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் கேமராவைப் பார்க்கவில்லை. சட்டத்தில் அடங்கவில்லை என்று அவரை வெட்டி நீக்கியவள் நான். அவர் திரும்பி நின்ற காரணத்தைச் சொன்னவர் அவருடைய மகள்.' கீழே அவள் கையெழுத்து. கூட்டத்தில் யாரோ ஒரு குறும்புக்காரர், "ஸ்கேல் டீச்சர் வர்றாங்க, தலையைப் பத்திரமா வெச்சிக்குங்கப்பா" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். அவள் வாங்கிக்கொண்டாள், நியாயம்தானே.

டிரைவரும் அக்காவும் தாமதமாகத்தான் வந்தார்கள். அவர்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள் என்று பார்த்தவுடனே தெரிந்தது, வாசலிலேயே ஏதோ சச்சரவு, அக்கா திட்டிக்கொண்டே வந்தாள். படத்துக்கு முன்னால் வந்ததும் இருவரும் அமைதியானார்கள். அக்கா எழுத்துக்கூட்டிக் குறிப்பைப் படித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் படித்தாள். பிறகு வெள்ளை அட்டை முடிகிற இடத்துக்குப் போய், சட்டத்தின் வலது பக்கம், சுவரை ஒட்டி நின்றுகொண்டாள்.

"நீ அங்கே போ" என்றாள் தம்பியிடம். "இன்னும் பின்னால. ம்... அந்த நாற்காலி பக்கம். அங்கேதான் நாம நின்னோம்."

டிரைவர் பின்னால் நகர்ந்தார். கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அக்கா முதலில் எல்லோரையும் போல நேராகப் பார்த்தாள், முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு. பிறகு கழுத்தைத் திருப்பித் தம்பியைப் பார்த்தாள். புருவம் லேசாகச் சுருங்கியிருந்தது, 'இதோ வந்துட்டேன், கொஞ்சம் பொறு' என்று ஒரு பார்வை.

"இப்படித்தான்டா பாத்தா" என்றாள்.

அந்த ஆறடி மனிதர் நின்ற இடத்திலேயே உடைந்து அழுதார். டீச்சரும் அழுதாள், மறைக்க நினைக்கவில்லை. அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, நான் உன்னைப் பொய்க்காரின்னு நெனச்சது..." என்று ஆரம்பித்தார்.

அக்கா நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கண்ணையும் அவரைவிட்டு எடுக்கவில்லை.

"வாய மூடுடா" என்றாள். "போட்டோவுக்கு நிக்கிறப்போ பேசக் கூடாது."